நாடாளுமன்றத்தில் ஒரு கவிஞர்: தாமஸ் கெட்டிலின் நான்கு ஆண்டுகள்

விடுதலைப் போராட்டங்களின் வரலாறு எழுதப்படும்போது, சிறை சென்றோரும் தூக்குமேடை ஏறினோரும் முதற்பக்கங்களில் இடம்பெறுகின்றனர். அவைகளில் எழுந்து நின்று பேசியவர்களும், சட்ட முன்வடிவின் ஒவ்வொரு விதிக்காகவும் வாதிட்டவர்களும் பெரும்பாலும் அடிக்குறிப்புகளுக்குள் ஒதுங்கிவிடுகின்றனர். அயர்லாந்தின் வரலாற்றில் அவ்வாறு ஒதுங்கிப் போனவர்களுள் ஒருவர் தாமஸ் மைக்கேல் கெட்டில். கவிஞர், கட்டுரையாளர், பொருளியல் பேராசிரியர், வழக்கறிஞர், இதழாசிரியர் எனப் பல முகங்கள் கொண்ட இவர், தம் 26ஆம் வயதில் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; 30ஆம் வயதில் அதனை விட்டு வெளியேறினார்; 36ஆம் வயதில் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் மாண்டார். இன்று அவர் நினைக்கப்படுவது பெரும்பாலும், இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் தம் மகளுக்காக எழுதிய ஒரு கவிதையால்தான். அந்தக் கவிதை பெற்ற புகழ் தகுதியானதே. எனினும் அப்புகழின் நிழலில் மறைந்துபோன அந்த நான்கு நாடாளுமன்ற ஆண்டுகளை எடுத்து நோக்கினால், சொல்லை நம்பி வாழ்ந்த ஒருவரின் வெற்றியும் தோல்வியும் ஒருசேர விளங்கும்.

நிலப்போராட்டத்தின் மைந்தர்

1801ஆம் ஆண்டு அயர்லாந்து தன் தனி நாடாளுமன்றத்தை இழந்தது. அதன் பின்னர் அந்நாட்டு உறுப்பினர்கள் ஏறத்தாழ நூறு பேர் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டருக்குச் சென்று அமர்ந்தனர். அவர்கள் ஒருமித்து நின்றாலும் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் அமர்ந்த அவையில் சிறுபான்மையினரே. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் கடல் கடந்தனர். 1841இல் எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 1901இல் நாற்பத்தைந்து இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. இத்தகைய நாட்டில் நிலமும் தன்னாட்சியும் அரசியலின் இரு கண்களாயின.

1879இல் உழவர் உரிமைக்காக நிலக் கழகம் தோன்றியபோது, அதன் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவராக நின்றவர் ஆண்ட்ரூ கெட்டில். டப்ளினுக்கு வடக்கே நிலம் உழுத விவசாயி அவர். அயர்லாந்துத் தலைவர் பார்னெலின் உற்ற தோழர். அவருடைய மகனாகத் தாமஸ் 1880 பிப்ரவரி 9ஆம் நாள் ஆர்ட்டேன் என்னும் ஊரில் பிறந்தார். மணவிலக்கு வழக்கொன்றின் காரணமாகப் பார்னெலின் கட்சி 1890இல் பிளவுண்டபோதும் ஆண்ட்ரூ கெட்டில் தம் தலைவரைக் கைவிடவில்லை. 1891இல் கார்லோ இடைத்தேர்தலில் பார்னெலின் வேட்பாளராக நின்று தோற்றார். அதே ஆண்டு பார்னெல் மறைந்தார். தோல்வி தெரிந்தும் நன்றி மறவாத தந்தையின் அந்நிலைப்பாட்டைக் கண்டபோது தாமசுக்கு வயது பதினொன்று.

கிளாங்கோஸ் வுட் கல்லூரியிலும் பின்னர் டப்ளின் பல்கலைக் கல்லூரியிலும் அவர் பயின்றார். பல்கலைக் கல்லூரியில் அவர் காலத்து மாணவர்களாக இருந்தவர்கள் ஜேம்ஸ் ஜாய்சும், பின்னாளில் அமைதிவாதியாகப் புகழ்பெற்ற பிரான்சிஸ் ஸ்கெஃபிங்டனும் ஆவர். கல்லூரியின் இலக்கிய வரலாற்றுக் கழகத்துக்குக் கெட்டில் தலைமை தாங்கினார். 1899இல் யேட்சின் 'கேத்லீன் சீமாட்டி' நாடகம் அயர்லாந்து மக்களின் சமய உணர்வைப் புண்படுத்துவதாகக் கூறி மாணவர்கள் கண்டனக் கடிதம் ஒன்றை வெளியிட்டனர். கெட்டில் அதில் கையெழுத்திட்டார், ஜாய்ஸ் மறுத்துவிட்டார். இருவர் சென்ற வழிகளும் வேறாகும் என்பதற்கு இது முன்னறிவிப்புப் போன்றது. ஒருவர் தம் மக்களை விட்டு விலகி நின்று அவர்களை எழுதினார். மற்றவர் அவர்களோடு நின்று, அவர்களுக்காகப் பேச விரும்பினார். எனினும் நட்பு அறுந்துவிடவில்லை. 1907இல் ஜாய்சின் முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தபோது, 'ஃப்ரீமன்ஸ் ஜர்னல்' நாளிதழில் அதனைப் பாராட்டி மதிப்புரை எழுதியவர் கெட்டிலே.

பதினெட்டு வாக்குகள்

1900இல் ஜான் ரெட்மண்ட் தலைமையில் மீண்டும் ஒன்றுபட்ட அயர்லாந்து நாடாளுமன்றக் கட்சி, நூற்றாண்டின் தொடக்கத்தில் முதியோர் கட்சியாகத் தோற்றமளித்தது. அதன் உறுப்பினர் பலர் பார்னெல் காலத்தவர். நிலப்போராட்டத்தில் சிறை கண்டவர்கள். ஆனால் புதிய நூற்றாண்டின் இளைஞர்களோடு பேசும் மொழி அவர்களிடம் குறைந்து வந்தது. இக்குறையைப் போக்க, கட்சியின் மக்கள் அமைப்பான ஐக்கிய அயர்லாந்துக் கழகத்துக்குள் 'இளம் அயர்லாந்துக் கிளை' என்றொரு கிளை தோன்றியது. அதன் தலைவராகக் கெட்டில் விளங்கினார். 1905இல் 'நேஷனிஸ்ட்' என்னும் வார இதழுக்குச் சில மாதங்கள் ஆசிரியராகவும் இருந்தார். அதே ஆண்டில் வழக்கறிஞராகப் பதிவும் பெற்றார்.

1906 ஜூலையில் கிழக்கு டைரோன் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அல்ஸ்டர் மாநிலத்தில் உள்ள அத்தொகுதியில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையினர். தன்னாட்சி வேண்டுவோரும் இங்கிலாந்தோடு ஒன்றியிருக்க வேண்டுவோரும் ஒவ்வொரு வாக்கையும் எண்ணிப் போட்டியிட்ட களம் அது. கெட்டில் பதினெட்டு வாக்கு வேறுபாட்டில் வென்றார். அந்தச் சிறிய எண் பின்னாளின் பெரிய சிக்கலைத் தன்னுள் அடக்கி நின்றது. தன்னாட்சி பற்றி டப்ளினில் இருந்து பேசுவோர்க்கு அல்ஸ்டரின் எதிர்ப்பு தொலைவில் கேட்ட ஓசை. கிழக்கு டைரோன் உறுப்பினருக்கோ, அவர் தொகுதியில் அடுத்தடுத்து வாழ்ந்த இரண்டு வீடுகளில் ஒன்று அவரை எதிர்த்து வாக்களித்த வீடு.

வெஸ்ட்மின்ஸ்டருக்குச் சென்ற சில மாதங்களில், 1906இன் இறுதியில், கட்சிக்கு நிதி திரட்ட அமெரிக்கா அனுப்பப்பட்டார். இதற்கொரு காரணம் உண்டு. அக்காலத்தில் காமன்ஸ் சபை உறுப்பினர்க்கு ஊதியம் கிடையாது. 1911இல்தான் ஆண்டுக்கு 400 பவுன் ஊதியம் ஏற்பட்டது. செல்வர்கள் நிறைந்த ஆங்கிலக் கட்சிகளுக்கு இது பொருட்டன்று. உழவர், ஆசிரியர், இதழாளர் ஆகியோரை உறுப்பினராக்கிய அயர்லாந்துக் கட்சியோ, கடல் கடந்த தன் மக்கள் தரும் நன்கொடையைக் கொண்டு ஏழை உறுப்பினர்களின் இலண்டன் வாழ்வைத் தாங்க வேண்டியிருந்தது. நாவன்மை மிக்க இளைஞர் ஒருவர் கட்சிக்குத் தேவைப்பட்டது அவைக்குள் மட்டுமன்று.

அவையில் ஒரு குரல்

அவர் அவைக்குள் நுழைந்த காலம் அயர்லாந்துக்கு வாய்ப்பான காலம் அன்று. 1906 சனவரிப் பொதுத்தேர்தலில் லிபரல் கட்சி பெரும் வெற்றி பெற்றிருந்தது. அயர்லாந்தின் எண்பதுக்கு மேற்பட்ட வாக்குகள் இல்லாமலேயே அக்கட்சி ஆள முடியும். தன்னாட்சி தருவதாக முன்பு வாக்களித்த லிபரல்கள், அதனை எப்போது தருவது என்பதைப் பற்றிப் பேசவில்லை. மேலும், அயர்லாந்துக் கட்சியின் உறுப்பினர் ஒவ்வொருவரும் கட்சியோடு அமர்ந்து, கட்சியோடு வாக்களிப்பதாக உறுதிமொழி தர வேண்டும். எந்த ஆங்கில அமைச்சரவையிலும் பதவி ஏற்கக் கூடாது. அமைச்சராகும் வழி அடைபட்ட நிலையில், அயர்லாந்து உறுப்பினரின் கருவி அவருடைய பேச்சு ஒன்றே.

அக்கருவியைக் கெட்டில் நன்கு கையாண்டார். நகைச்சுவையும் தத்துவப் பயிற்சியும் கலந்த அவர்தம் நடை எதிர்க்கட்சியினரையும் கேட்க வைத்தது. ஆட்சிக்கு வந்ததும் லிபரல்கள் தம் கொள்கைகளை மறந்துவிடுகின்றனர், டோரிகள் தம் நண்பர்களை நினைத்துக்கொள்கின்றனர் என்னும் பொருள்பட அவர் கூறியதாக வழங்கும் கூற்று, அரசியல் நகைச்சுவைத் தொகுப்புகளில் இன்றும் இடம்பெறுகிறது. ஆனால் வெறும் சொற்சிலம்பத்தில் அவர் நிற்கவில்லை. அயர்லாந்தின் நிதிநிலையே அவர் தேர்ந்துகொண்ட துறை. அயர்லாந்து தன் வலிமைக்கு மிஞ்சிய வரி செலுத்துகிறது என்று 1896இலேயே அரசு அமைத்த குழு ஒன்று தெரிவித்திருந்தது. விடுதலை உணர்ச்சியை மேடைகளில் எழுப்புவோர் பலர் இருந்தனர். தன்னாட்சி பெற்றபின் வரி எவ்வளவு வரும், யார் திரட்டுவது, எதற்குச் செலவிடுவது என்று கணக்கிட்டுப் பார்த்தோர் சிலரே. கெட்டில் அந்தச் சிலருள் ஒருவர். 1911இல் அவர் வெளியிட்ட தன்னாட்சி நிதி பற்றிய நூல் இச்சிந்தனையின் பயனாகும். பாட்டெழுதும் கை கணக்கும் எழுதியது என்பதில் வியப்பில்லை. உழவர் வீட்டில் பிறந்தவர்க்கு விளைச்சலும் கடனும் ஏட்டுச் செய்திகள் அல்ல.

பல்கலைக்கழகம் என்னும் பயன்

அவருடைய நாடாளுமன்றக் காலத்தில் நிகழ்ந்த செயல்களுள் நிலைத்தது 1908ஆம் ஆண்டின் அயர்லாந்துப் பல்கலைக்கழகச் சட்டம். அதன் சிறப்பை உணர, முன்னிருந்த நிலையைச் சற்று அறிதல் வேண்டும்.

அயர்லாந்தின் பழமையான பல்கலைக்கழகமான டப்ளின் டிரினிட்டி கல்லூரி புராட்டஸ்டண்டுகளின் நிலையமாகவே கருதப்பட்டது. தம் மக்கள் அங்குப் பயில்வதைக் கத்தோலிக்க ஆயர்கள் விரும்பவில்லை. 1845இல் அரசு நிறுவிய குயின்ஸ் கல்லூரிகளையும் அவர்கள் ஏற்கவில்லை. 1854இல் புகழ்பெற்ற உரைநடையாசிரியர் நியூமன் தலைமையில் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமையை அரசு தரவில்லை. பின்னர் வந்த ராயல் பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும் நிறுவனமாக மட்டுமே இயங்கியது. ஆக, மக்களில் பெரும்பான்மையினர்க்குத் தமதெனச் சொல்லிக்கொள்ளத்தக்க முழுமையான பல்கலைக்கழகம் இல்லாமலே தலைமுறைகள் கழிந்தன. கெட்டிலும் ஜாய்சும் பயின்ற கல்லூரி இந்த அரைகுறை ஏற்பாட்டுக்குள் இயங்கியதே. அதன் குறைகளை மாணவராக நேரில் கண்டவர் கெட்டில்.

அப்போது அயர்லாந்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர் அகஸ்டின் பிரெல். அவரும் இலக்கியக் கட்டுரையாளராகப் பெயர் பெற்றவர். 1908இல் அவர் கொண்டுவந்த சட்டம் டப்ளின், கார்க், கால்வே கல்லூரிகளை இணைத்து அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்தையும், பெல்ஃபாஸ்டில் தனியாகக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தையும் உருவாக்கியது. சமயச் சோதனை எதுவும் இல்லை. பெண்கள் ஆண்களுக்குச் சமமாகச் சேர வழி பிறந்தது. இச்சட்டத்துக்காக அவைக்குள்ளும் வெளியிலும் வாதிட்டவர்களுள் கெட்டில் முன்னணியில் நின்றார். புதிய ஏற்பாட்டில் டப்ளின் பல்கலைக் கல்லூரியில் தேசியப் பொருளியல் துறைக்கு முதல் பேராசிரியராகவும் அமர்த்தப்பட்டார்.

இதன் தொடர்விளைவுகள் எண்ணத்தக்கவை. வெஸ்ட்மின்ஸ்டரில் இயற்றிய சட்டத்தால் எழுந்த அதே கல்லூரியில், பண்டைய அயர்லாந்து வரலாற்றுப் பேராசிரியராக ஓயின் மக்நீல் வந்தார். ஆங்கில இலக்கியம் கற்பிக்கக் கவிஞர் தாமஸ் மக்டோனா வந்தார். முன்னவர் 1913இல் அயர்லாந்துத் தொண்டர் படையின் தலைவரானார். பின்னவர் 1916இல் அயர்லாந்துக் குடியரசுப் பறைசாற்றலில் கையெழுத்திட்ட எழுவருள் ஒருவரானார். அந்த எழுச்சியில் பங்கேற்று மரண தண்டனையினின்று தப்பிய ஈமன் டி வலேரா, 1921 முதல் 1975இல் தாம் மறையும்வரை ஐம்பத்து நான்கு ஆண்டுகள் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார். வெஸ்ட்மின்ஸ்டரில் அமர மறுத்த இயக்கத்தின் தலைவர், வெஸ்ட்மின்ஸ்டர் தந்த பல்கலைக்கழகத்துக்கு வேந்தர்! அவையில் பேசிப் பெற்றது எதுவுமில்லை என்னும் கூற்று எவ்வளவு அவசரமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

விலகல்

1909 செப்டம்பரில் கெட்டில் மேரி ஷீகியை மணந்தார். மேரியின் தந்தை டேவிட் ஷீகியும் நாடாளுமன்ற உறுப்பினர். மேரியின் அக்காள் ஹன்னா, கெட்டிலின் கல்லூரித் தோழர் ஸ்கெஃபிங்டனை முன்பே மணந்திருந்தார். கணவனும் மனைவியும் ஒருவர் பெயரை மற்றவர் இணைத்துக்கொண்டு ஷீகி ஸ்கெஃபிங்டன் ஆயினர். 1908இல் பெண்கள் வாக்குரிமைக்காக ஹன்னாவோடு சேர்ந்து அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தை நிறுவியவர் மார்கரெட் கசின்ஸ். இந்த மார்கரெட்டே 1915இல் தம் கணவரான கவிஞர் ஜேம்ஸ் கசின்சுடன் சென்னை அடையாறுக்கு வந்து, 1917இல் அங்கு இந்திய மாதர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர். கெட்டில் வாழ்ந்த சூழல் நமக்கு முற்றிலும் அயலானது அன்று என்பதற்காக இதனைக் குறிக்க வேண்டியுள்ளது. கெட்டிலும் பெண்கள் வாக்குரிமையை ஆதரித்தவரே.

1910 சனவரித் தேர்தலில் கிழக்கு டைரோன் மக்கள் முன்னினும் கூடுதலான வாக்கு வேறுபாட்டில் அவரை மீண்டும் அனுப்பினர். அத்தேர்தல் அவையின் நிலையைத் தலைகீழாக மாற்றியது. லிபரல்கள் 274, எதிர்க்கட்சியினர் 272 என ஏறக்குறையச் சமமாக நின்றனர். இப்போது அயர்லாந்தின் ஆதரவின்றி அரசு ஒரு நாளும் நிலைக்காது. முப்பது ஆண்டுகளாகக் கட்சி காத்திருந்த வாய்ப்பு வந்தேவிட்டது. அந்த வேளையில், அதே ஆண்டு திசம்பரில் மீண்டும் தேர்தல் வந்தபோது, கெட்டில் போட்டியிடவில்லை. டப்ளினில் பேராசிரியர் பணி, இலண்டனில் அவைப் பணி என இரண்டையும் ஒருவரே தாங்குதல் இயலாததாயிற்று. தொகுதி தலைவர் ரெட்மண்டின் மகனுக்குச் சென்றது.

கட்சியின் வாக்கு வேண்டப்படாத நாளில் உள்ளே இருந்தார். வேண்டப்பட்ட நாளில் வெளியே சென்றார். அவருடைய நாடாளுமன்ற வாழ்வின் அவலத்தை இந்த ஒரு தொடரில் சுருக்கிவிடலாம். 1911இல் பிரபுக்கள் சபையின் தடையதிகாரம் குறைக்கப்பட்டது; 1912இல் தன்னாட்சி முன்வடிவு வந்தது; 1914 செப்டம்பரில் சட்டமானது. இவற்றுக்கெல்லாம் நூல்களாலும் சொற்பொழிவுகளாலும் கெட்டில் துணை நின்றார். ஆயினும் வாக்களிக்கும் இடத்தில் அவர் இல்லை.

விலகிய ஆண்டில் வெளிவந்த 'நாளின் சுமை' என்னும் கட்டுரைத் தொகுதி அவர்தம் உரைநடைக்குச் சிறந்த சான்று. அயர்லாந்து தன்னை ஆழமாக உணர வேண்டுமானால், ஐரோப்பாவின் பரந்த பண்பாட்டுக்குள் சென்று தன்னைக் காண வேண்டும் என்பது அவர் கருத்து. தாய்மண்ணின் மீது கொண்ட பற்றும் உலக நோக்கும் பகையல்ல என்று அவர் எழுதியது, தனித்தியங்குவதே விடுதலை என்ற எண்ணம் வலுத்த காலத்தில் என்பது கருதத்தக்கது.

இரு தீ நடுவே

1912க்குப் பின் அயர்லாந்தில் சொல்லின் ஆட்சி தளர்ந்தது. தன்னாட்சியை எதிர்த்து 1913 சனவரியில் அல்ஸ்டர் தொண்டர் படை எழுந்தது. அதற்கு மறுமொழியாக நவம்பரில் அயர்லாந்துத் தொண்டர் படை எழுந்தது. கெட்டிலும் அதில் சேர்ந்தார். அவையில் வாதிட்டவர் 1914 கோடையில் படைக்குத் துப்பாக்கி வாங்கப் பெல்ஜியம் சென்றார். அங்கிருந்தபோதே உலகப் போர் மூண்டது. 'டெய்லி நியூஸ்' இதழுக்குச் செய்தியாளராக, செருமானியப் படை பெல்ஜியத்தில் செய்த அழிவுகளை அவர் கண்டெழுதினார். லூவேன் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டது அந்த ஆகஸ்டில்தான். ஐரோப்பாவின் நாகரிகமே தாக்கப்படுகிறது, சிறிய நாடொன்று நசுக்கப்படும்போது மற்றொரு சிறிய நாடு வாளாவிருத்தல் அறமன்று என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அயர்லாந்து இப்போரில் துணை நின்றால் அல்ஸ்டரும் டப்ளினும் ஒரே களத்தில் நின்று ஒன்றுபடும் என்றும் நம்பினார். ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையில் லெப்டினன்ட் பதவி ஏற்றார்.

உடல்நலக் குறைவால் அவரை உடனே போர்முனைக்கு அனுப்பவில்லை. ஆள்சேர்க்கும் மேடைகளில் பேசப் பணித்தனர். தளர்ச்சியும் மதுப்பழக்கமும் அவரை வாட்டிய காலமும் அதுவே. அவருடைய நாவன்மையைக் கேட்டுப் படையில் சேர்ந்தோர் உண்டு; அவர்களுள் திரும்பாதோரும் உண்டு. அவையில் பல்கலைக்கழகம் பெற்றுத்தந்த அதே நா, மேடையில் இளைஞரைப் போருக்கு அழைத்தது என்பதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அந்தச் சுமையை அவரே உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு. தம்மை முன்னணிக்கு அனுப்புமாறு அவர் மீண்டும் மீண்டும் வேண்டினார்.

1916 ஏப்ரல் 24ஆம் நாள் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. தாம் இத்தனை ஆண்டுகள் சொல்லாலும் சட்டத்தாலும் கட்டியதை அது தகர்த்துவிட்டது என்று கெட்டில் சினந்தார். ஆனால் ஒரு கிழமைக்குள் அச்சினம் துயரமாயிற்று. எழுச்சியில் பங்கேற்காத, கொள்ளையைத் தடுக்க முயன்ற அமைதிவாதியான ஸ்கெஃபிங்டனைப் பிரித்தானிய அதிகாரி ஒருவர் ஏப்ரல் 26 அன்று விசாரணையின்றிச் சுட்டுக்கொல்லச் செய்தார். கொன்றதோ கெட்டில் அணிந்திருந்த அதே சீருடை. இறந்தவரோ அவர் தோழரும் மனைவியின் அக்காள் கணவரும் ஆவார். மே 3ஆம் நாள் உடன் பணியாற்றிய மக்டோனா சுட்டுக்கொல்லப்பட்டார். மே 12க்குள் பதினைவர் அவ்வாறு மாண்டனர். பறைசாற்றலில் கையெழுத்திட்ட எழுவருள் பியர்ஸ், மக்டோனா, பிளங்கெட் ஆகிய மூவரும் கவிஞர்கள்.

அந்த அதிர்வு சென்னைக்கும் எட்டியது. எழுச்சியைப் பாராட்டி ஜேம்ஸ் கசின்ஸ் எழுதிய கட்டுரை அன்னி பெசன்டின் 'நியூ இந்தியா' இதழில் வெளிவந்ததன் விளைவாக, அவர் அவ்விதழிலிருந்து விலக்கப்பட்டார். பெசன்ட் அயர்லாந்து மாதிரியைக் கண்முன் கொண்டு ஹோம் ரூல் இயக்கத்தைச் சென்னையில் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில். அயர்லாந்தில் அச்சொல்லின் ஒளி மங்கிக்கொண்டிருந்தபோது, இங்கு அது புதிதாய்ப் பிறந்தது.

எழுச்சியாளர்கள் வீரராகவும் தியாகியராகவும் வரலாற்றில் நிற்பர், தாமோ, நினைக்கப்பட்டால், ஆங்கிலப் படை அதிகாரியாகவே நினைக்கப்படுவோம் என்னும் கருத்தைக் கெட்டில் கசப்போடு கூறியதாகச் சொல்வர். தம் எதிர்காலப் பெயரை அவர் தவறாகக் கணிக்கவில்லை.

இறுதி விண்ணப்பம்

1916 ஜூலையில் அவர் பிரான்சு சென்றார். செப்டம்பர்த் தொடக்கத்தில் சோம் போர்க்களத்தில் கிலமோன், ஜின்ஷி என்னும் இரு சிற்றூர்களைக் கைப்பற்ற 16ஆம் அயர்லாந்துப் படைப்பிரிவு ஏவப்பட்டது. சில நாள்களில் அப்பிரிவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். செப்டம்பர் 4 அன்று, களத்திலிருந்தே, மூன்று வயது மகள் பெட்டிக்காக அவர் பதினான்கு அடிகளில் ஒரு சானெட் எழுதினார். வளர்ந்தபின் தந்தை ஏன் தன்னை விட்டுச் சென்றார் என்று அவள் கேட்கக்கூடும் என எண்ணி, அவளுக்குச் சொல்லும் விடையாக அமைந்தது அப்பாட்டு. ஐந்து நாள்களுக்குப் பின், செப்டம்பர் 9 மாலையில், ஜின்ஷியில் தம் பிரிவை நடத்திச் செல்கையில் குண்டடிபட்டு வீழ்ந்தார். அருகிருந்த பதினெட்டு வயது அதிகாரி எம்மெட் டால்டன் பின்னாளில் விடுதலைப் படையில் சேர்ந்து, மைக்கேல் காலின்சின் நெருங்கிய தோழரானார். கெட்டிலுக்குக் கல்லறை இல்லை. தியெப்வாலில் உள்ள நினைவுச் சுவரில் பெயர் மட்டுமே உண்டு.

பாட்டு உலகப் புகழ் பெற்றது. அந்நாள்களில் அவர் எழுதிய மற்றொன்றைப் பலரும் அறியார். களத்திலிருந்து அவர் விட்டுச்சென்ற அரசியல் விண்ணப்பம் அது. இரண்டாண்டுகள் சிந்திய குருதியின் பெயரால் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்குக, படைச்சட்டத்தை நீக்குக, எழுச்சியில் சிறைப்பட்டோர் அனைவரையும் மன்னித்து விடுவிக்க என்பன அதன் வேண்டுகோள்கள். தாம் கண்டித்த எழுச்சியாளர்களுக்காகவே தம் இறுதிக் குரலை எழுப்பினார். தொகுதி இல்லை, அவை இல்லை, வாக்கு இல்லை. எனினும் அது ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் குரலேயாகும். எதிர்த்தரப்பினரின் உரிமைக்காகவும் பேசுவதன்றோ அவைப்பணியின் உயர்ந்த நிலை!

நினைவின் நீதி

1918 திசம்பர்த் தேர்தலில் அயர்லாந்து மக்கள் சின் ஃபெயின் கட்சிக்கு 73 இடங்களைத் தந்தனர். ரெட்மண்டின் பழைய கட்சிக்கு அயர்லாந்தில் எஞ்சியவை ஆறு. வெற்றி பெற்றோர் வெஸ்ட்மின்ஸ்டர் செல்ல மறுத்து டப்ளினில் தம் அவையைக் கூட்டினர். 1921இல் நாடு பிரிந்தது. கெட்டில் பதினெட்டு வாக்கில் வென்ற டைரோன், வட அயர்லாந்தில் சேர்ந்தது.

டப்ளின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில் அவருக்கு மார்பளவுச் சிலை வைக்க நண்பர்கள் விரும்பினர். ஆல்பர்ட் பவர் அதனை வடித்தார். பீடத்தில் பொறிக்கவேண்டிய சொற்கள் குறித்து அரசுப் பொதுப்பணித் துறையோடு கருத்து வேறுபாடு எழுந்தது. பிரான்சில் கொல்லப்பட்டார் என்ற தொடர்கூட உறுத்தியது. ஆண்டுகள் பல கழிந்து, 1937இல், திறப்பு விழா ஏதுமின்றிச் சிலை நிறுவப்பட்டது. கவிஞர், கட்டுரையாளர், நாட்டுப்பற்றாளர் என்னும் மூன்று சொற்களும் சானெட்டின் இறுதி அடிகளும் அதில் உள்ளன. நாடாளுமன்ற உறுப்பினர் என்ற சொல் இல்லை.

அதனை முழுப் புறக்கணிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. போர் முடிவதற்கு முன்பே, 1917 திசம்பரில், ஏ.இ. என்னும் புனைபெயர் கொண்ட கவிஞர் ஜார்ஜ் ரசல், ஈஸ்டர் எழுச்சியில் மாண்டோரையும் உலகப் போரில் மாண்டோரையும் அடுத்தடுத்து வைத்து வணங்கும் கவிதை ஒன்றை வெளியிட்டார். பியர்சும் மக்டோனாவும் போற்றப்பட்ட அப்பாட்டில் கெட்டிலும் போற்றப்பட்டார். அரசியல் செய்ய இயலாத இணைப்பை ஒரு கையறுநிலைப் பாட்டு செய்தது. நாடு அதே மனநிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

கெட்டிலின் நாடாளுமன்ற வாழ்வை நீளத்தால் அளந்தால் அது மிகச் சிறியது. அவர் கேட்ட தன்னாட்சி அவர் கேட்ட வடிவில் வரவில்லை. அல்ஸ்டரும் டப்ளினும் இணையும் என்ற நம்பிக்கை பொய்த்தது. ஆனால் அவர் பங்குகொண்டு பெற்றுத்தந்த பல்கலைக்கழகத்தில், அவருடைய கொள்கையை ஏற்றோரும் மறுத்தோரும் ஒருங்கே பயின்றனர். அந்நாட்டின் பிள்ளைகள் இன்றும் பயில்கின்றனர். அங்குச் சேரும் மாணவர் யாரும் 1908ஆம் ஆண்டின் அவைக் குறிப்புகளைப் புரட்டுவதில்லை. புரட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. நல்ல சட்டம் இயற்றியவரின் பெயர் மறைந்து, பயன் மட்டும் மக்களிடம் தங்குவது இயல்பே. கவிதைக்கு அந்த நிலை இல்லை. அது எழுதியவர் பெயரோடு நடக்கிறது. கெட்டிலின் பதினான்கு அடிகளைப் படிப்போர், அவற்றை எழுதிய கை நான்காண்டுகள் வரவு செலவுக் கணக்குகளோடும் சட்ட விதிகளோடும் போராடிய கை என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்த மகளுக்குத் தந்தை கூறிய விடை இன்னும் சற்று முழுமையாக விளங்கும்.